ஐந்து கியரா, ஆறு கியரா

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது, ஆர்லோவின் பிக்கப் வண்டி எங்கள் வீட்டுப் பாதைக்குள் பின்பக்கமாகவே ஏறி வந்தது. அதன் முதுகில் நீலத் தார்ப்பாய் போர்த்திய எதுவோ ஒன்று. தார்ப்பாயின் மேல், கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிப்போன சிவப்பு ரிப்பனில் ஒரு பெரிய பூ முடிச்சு. பின்னாலேயே வெண்டலின் கார், அதற்குப் பின்னால் இன்னும் சில கார்கள். எங்கள் வட்டாரத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தினர் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஆண்கள் கூட்டமாக நின்று சிரிப்பை அடக்க முயல்வது பார்க்கச் சகிக்காத காட்சி. நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

சங்கத்தின் தலைவர் என் வீட்டுக்காரர், ரோலண்ட் கெப்ளர். பல வருடங்களாக அவர்தான் தலைவர். தலைவரே கூட்டக் குறிப்பும் எழுத வேண்டும் என்று விதி இருப்பதால் யாரும் அவரை எதிர்த்து நின்றதில்லை. அவர் குளியல் அங்கியோடு படியில் இறங்கி வந்தார். ஆர்லோ தார்ப்பாயை உருவினான். உள்ளே அலுமினிய உடம்போடு ஒரு கியர்பாக்ஸ், புத்தம் புதுசு.

"ஐந்து கியர்," என்றான் ஆர்லோ. வீடு நிலம் விற்றுக்கொடுத்துப் பழகியவன், எதைச் சொன்னாலும் விலை சொல்வது போலவே இருக்கும். "தலைவரே, நீங்க முடிவெடுப்பீங்க, எடுப்பீங்கன்னு பாத்தோம். எங்க ஆயுசுக்குள்ள நடக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் உங்களுக்குத் தெரியாம ஓட்டுப் போட்டோம். நான் ஆறு கியர் கட்சி, தோத்துட்டேன். ஆனாலும் என் பங்கைக் குடுத்தேன், அதையும் சொல்லிடறேன்."

ரோலண்ட் அந்தக் குளிர்ந்த அலுமினியத்தை விரல் நுனியால் தொட்டார். பிறகு நன்றி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற உதவித் தலைமையாசிரியர். பள்ளியில் தினமும் ஒலிபெருக்கியில் காலை அறிவிப்பு வாசித்த குரல் அது. எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எவரும் இன்றைக்கும் அந்தக் குரலைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். அன்று அந்தக் குரல் கடைசி வார்த்தையில் தடுக்கியது. எல்லோரும் அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். வெண்டல் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான்.

அது நெகிழ்ச்சி இல்லை, பயம். என் வீட்டுக்காரருக்குக் கிளட்ச் வைத்த கார் ஓட்டத் தெரியாது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஒஹையோவில் பாதிப் பேருக்குத் தெரியாது. கியர் தானாக மாறும் காரில் பிறந்து, அதிலேயே பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் போய், அதிலேயே கல்லறை வரைக்கும் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அவர்கள் யாரும் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்துக்குத் தலைவராக இல்லை. கியர் இறக்கும்போது கிளட்சை இரண்டு முறை மிதிப்பதன் அழகைப் பற்றி சங்கத்துச் செய்தி இதழில் மூன்று பகுதிக் கட்டுரை எழுதவில்லை.

எனக்கு இது கல்யாணமான புதிதிலேயே தெரியும். நான் அதே பள்ளியில் சேர்ந்திசை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆசிரியர்களைப் போல அவரைக் 'கெப்ளர் சார்' என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. அவர் அதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் என் அப்பாவின் டிரக் எங்கள் வீட்டு முன்னால் வழியை மறித்து நின்றது. சோயா மூட்டை ஏற்றிய பழைய டிரக், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் வைத்தது, நான் பதின்மூன்று வயதில் ஓட்டக் கற்றது. கொஞ்சம் நகர்த்தி நிறுத்துங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். மனிதர் கதவைத் திறந்தார், இப்படியும் அப்படியும் பார்த்தார், கியரை நடுவில் தள்ளிவிட்டுத் தோளைக் கொடுத்து முக்கினார். சரிவு கைகொடுத்தது. டிரக் உருண்டதும் தொற்றி ஏறி பிரேக்கைப் பிடித்தார். உள்ளே வந்து கையைத் தட்டிக்கொண்டு, "நல்லா இழுக்குது உங்கப்பா வண்டி," என்றார். நான் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பல வருடங்கள் கழித்து, இங்கிலாந்தில் செய்த அந்தப் பச்சை நிற இரண்டு இருக்கைக் காரை ஒரு களஞ்சியத்திலிருந்து வாங்கி வந்தார். அதற்கு இன்ஜின் கிடையாது. அது குறை இல்லை, அதுதான் அதன் பெரிய சிறப்பு என்று பிறகு எனக்குப் புரிந்தது. கண்காட்சிகளுக்கு டிரெய்லரில் ஏறிப் போகும், டிரெய்லரில் ஏறி வரும். அவர் பக்கத்தில் நின்று மலைப்பாதை வளைவுகளைப் பற்றி விளக்குவார். ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்க ஆளில்லை. இப்படியே போயிருக்கும், எங்கோ மோதி நொறுங்கிய ஒரு செடான் காரிலிருந்து எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை வெண்டல் கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுக்காமல் இருந்திருந்தால். வெண்டல் கண் பரிசோதனை செய்து கண்ணாடி எழுதிக்கொடுத்தவன். அடுத்தவர் குறையைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. இன்ஜின் வந்துவிட்டது. இனி ரோலண்டுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: எந்த கியர்பாக்ஸ்?

அந்தக் கேள்வியை அவர் பிள்ளையைப் போல வளர்த்தார். வியாழன் தோறும் மாலையில் எங்கள் ஷெட்டில் மடக்கு நாற்காலிகள் போட்டு, பீர் திறந்து, விவாதம். என் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு இன்ஜின் ஒரு ஸ்டாண்டில் தொங்கும், சவத்தைச் சுற்றி உறவினர் உட்கார்ந்திருப்பது போல இவர்கள் சுற்றி இருப்பார்கள். வெண்டல் ஐந்து கியர் கட்சி. எடை குறைவு, காரின் நடுவே தரையில் ஓடும் திமிலுக்குள் கொஞ்சம் தட்டிக் கொடுத்தால் போதும், உட்கார்ந்துவிடும், லிவரும் பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே வெளியே வரும். ஆர்லோ ஆறு கியர் கட்சி. எட்டு சிலிண்டர் இன்ஜினின் முறுக்கைத் தாங்க வேண்டாமா, ஐந்து கியர் பல்லெல்லாம் கடலை மாதிரி உடைந்துவிடும் என்பான். ரோலண்ட் நடுவில் நீதிபதி. ஐந்து ஜெயிக்கப் போகிற மாதிரி இருந்தால், நெடுஞ்சாலையில் அறுபத்தைந்து மைலில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றும் என்று யாராவது யோசித்தீர்களா என்று மெதுவாகக் கேட்பார். ஆறு ஜெயிக்கப் போகிற மாதிரி இருந்தால், அதற்குத் திமிலை வெட்ட வேண்டுமே, அந்தக் காரைச் செய்தவர்கள் கையால் அடித்த தகட்டை வெட்ட நமக்கு என்ன உரிமை என்பார். எல்லோரும் தலைகுனிவார்கள். இரண்டு கட்சியும் களைத்துப்போன ஒரு குளிர்காலத்தில், காரோடு பிறந்த நான்கு கியரையே ஏன் வைக்கக் கூடாது என்று மூன்றாவது கட்சி ஒன்றை ஆரம்பித்தார். அதற்கு அவரைத் தவிர உறுப்பினர் கிடையாது. இருந்தும் அது வசந்தம் வரை தாக்குப்பிடித்தது.

இவ்வளவு நாள் கட்டிய கோட்டையைத்தான் ஆர்லோ ஒரு சிவப்பு ரிப்பனால் இடித்துவிட்டான்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் கார் தயாரானாலும், முதல் ஓட்டத்தை உரிமையாளர்தான் ஓட்ட வேண்டும். ஊர்க்கோடியில் இருக்கும் ஐஸ்கிரீம் கடை வரை போய், எல்லோருக்கும் வாங்கிக்கொண்டு உருகுவதற்குள் திரும்ப வேண்டும். மற்றவர்கள் புல்வெளியில் நிற்பார்கள், அண்டை வீட்டார் வேலி ஓரம் வருவார்கள், பெண்கள் மூடி போட்ட பாத்திரங்களோடு வருவார்கள். கிளம்பும்போது இன்ஜின் அணைந்துவிட்டால், நசுங்கிய ஒரு சக்கர மூடியை ஒரு வருடம் அவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைக்க வேண்டும். அதில் இதுவரை அணைத்தவர்கள் பெயரெல்லாம் பொறித்திருக்கும். இந்த மூடியைக் கண்டுபிடித்ததும், அதற்கு விதிமுறை எழுதியதும், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு உரையோடு வழங்குவதும் தலைவர்.

மார்ச், ஏப்ரல் சனிக்கிழமைகள் எல்லாம் எங்கள் வீட்டில் திருவிழா. ரோலண்ட் குறை தேடினார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு சரியாகப் பொருந்தாது என்றார், பொருந்தியது. பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு நீளம் என்றார், அதை அறுத்துக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் நாளுக்கு நாள் மெலிந்தார். தலைவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று வெண்டலின் மனைவி என்னிடம் சொன்னாள். ஆமாம் என்றேன்.

மே மாத ஆரம்பத்தில் அவருக்கு ஒரு நல்ல நாள் வந்தது. தோல் தைக்கக் கொடுத்திருந்த இருக்கைகள் திரும்பி வந்து, அவற்றைப் பொருத்தி, அவரை உட்கார வைத்தார்கள். இரண்டாவது கியரில் போடப் பின்னால் இழுத்தால், லிவர் அவர் தொடையில் வந்து முட்டியது. நான்காவதுக்கும் அதே கதை. சிறிது நேரம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் ஷெட்டில் அந்தக் காருக்கு இருக்கையே கிடையாது. ஓட்டுநர் இடத்தில் ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்துதான் எல்லோரும் லிவருக்கு அளவெடுத்தார்கள். உட்கார்ந்தது வெண்டல். வெண்டல் குடைக்கம்பி மாதிரி இருப்பான். சுற்று வேகத்தைப் பற்றியும் பல் கடினத்தைப் பற்றியும் அத்தனை மாலைகள் பேசிய கூட்டத்தில், ஓட்டப்போகிற மனிதருக்குத் தொடை உண்டு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரோலண்ட் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆழ்ந்த வருத்தத்தோடு தலையை ஆட்டி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியதுதான் என்றார். ஆர்லோ லிவரைக் கழற்றிக்கொண்டு போனான், தீயில் காட்டி முன்பக்கமாக வளைத்துக் கொண்டுவந்து மாட்டினான். இப்போது இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. முதல் ஓட்டத்துக்கு மே கடைசி சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அவர் சமையலறைத் தொட்டியில் கிரீஸ் கையைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"ஜனீன்."

"ம்."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியும்."

"எதைன்னு நான் இன்னும் சொல்லலையே."

"கிளட்ச் வெச்ச வண்டி. எங்கப்பா டிரக்கை நீங்க தள்ளினப்பவே தெரியும்."

குழாயை மூடினார். அந்தப் பழைய சரிவை, தோள் கொடுத்ததை, ஜன்னலை எல்லாம் அவர் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுவது தெரிந்தது. "அப்பவே ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்படிக் கேக்கறது, கெப்ளர் சார்? நல்லா இழுக்குதுன்னு சர்டிஃபிகேட் குடுத்துட்டீங்களே."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பசி. அடுப்பில் இருந்த சில்லியை, பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பை, இரண்டு தட்டு சாப்பிட்டார், மூன்றாவதாக ரொட்டியால் பாத்திரத்தையே வழித்தார். இரண்டு மாதமாக அவர் அப்படிச் சாப்பிடவில்லை.

நான் சொல்லித் தருகிறேன் என்றேன். என் தம்பியின் டிரக்கைக் கடன் வாங்கி, வார நாட்களில் தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் பழகினோம். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கிளட்ச் தகடு எந்த நொடியில் சக்கரத்தைக் கவ்வுகிறது, ஸ்பிரிங் எப்படி விரிகிறது என்றெல்லாம் எனக்கு விளக்குவார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே டிரக் கன்றுக்குட்டி மாதிரி துள்ளி அணைந்துபோகும். அவர் சொன்னதெல்லாம் சரிதான், டிரக்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பாதிரியார் படியில் வந்து நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அன்று ரோலண்ட் இன்ஜினை அணைத்துவிட்டு, "போதும். சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்," என்றார். தலைவர் பதவி போனால் போகட்டும் என்று வழியில் சொன்னார். நம் தெருவில் இருக்கலாமா, வேறு ஊர் போய்விடலாமா என்றுகூடக் கேட்டார். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வியாழக்கிழமை என்று ஒரு நாள் இல்லாமல் அந்த மனிதர் எப்படி இருப்பார்?

சனிக்கிழமை வெயில் அடித்தது. புல்வெளியில் நீள மேசை, அதில் நான்கு விதமான உருளைக்கிழங்கு சாலட், நான்கும் ஒரே மாதிரி. அண்டை வீட்டாரும் வந்துவிட்டார்கள். பச்சைக் கார் மெழுகு பூசி நின்றது. ரோலண்ட் அதன் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். காலை அறிவிப்புக் குரல் வந்தது. இந்த முறை அது எங்கும் தடுக்கவில்லை.

"நண்பர்களே, எனக்கு கிளட்ச் வெச்ச வண்டி ஓட்டத் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல. இவ்வளவு நாள் இதை உங்ககிட்ட மறைச்சேன். அதனால இந்த வண்டியோட முதல் ஓட்டத்தை ஜனீன் ஓட்டுவா."

யாரோ கையில் வைத்திருந்த காகிதத் தட்டு மடங்கும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு வெண்டல் சிரித்தான். அது தொற்றிக்கொண்டு கூட்டம் முழுவதும் குலுங்கியது. ஆர்லோ வந்து அவர் தோளில் கையைப் போட்டான்.

"தலைவரே, இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்னு பாக்கறீங்களா? அந்தப் பாச்சா எங்ககிட்ட பலிக்காது. ஏறுங்க."

உண்மைதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. இந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜோக்கடிக்க தலைவரால்தான் முடியும் என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கினான். ஏறக்குறையத் தூக்கித்தான் இருக்கையில் வைத்தார்கள். இன்ஜின் உறுமியது, எல்லோர் மார்பிலும் அது அதிர்ந்தது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். கிளட்சை விட்டார். கார் முன்னால் ஒரு குதி குதித்துச் செத்தது.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மேசைக் காலில் போய் முட்டி, சாலட்டுகளில் ஒன்று புல்லில் சரிந்தது. இனிமேலாவது புரியும் என்று நான் நினைத்தேன். கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, அந்த இடத்தில் அறிவு வந்துவிட்டது. ஒருவன் பெட்ரோல் சரியாக வரவில்லை என்றான். ஒருவன் கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று என்றான். வெண்டல் பானட்டைத் திறந்து மூக்கால் முகர்ந்து, தகடு எரிகிற வாசனை இல்லையே என்று கவலைப்பட்டான். ஆர்லோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இதற்காகவே பிறந்தவன் போல இருந்தது அவன் நிற்கும் தோரணை. ஆறு கியர் போட்டிருந்தால் இது வந்திருக்காது என்றான்.

"வண்டில ஒண்ணும் இல்ல," என்றார் ரோலண்ட். "நான்தான். அந்தச் சக்கர மூடியை எடுத்துட்டு வாங்க, மாட்டிக்கறேன்."

இயந்திரக் கோளாறால் அணைந்தால் மூடி கிடையாது என்று விதி இருக்கிறது, நீங்கள் எழுதியதுதான் என்று வெண்டல் அவருக்கு ஆறுதல் சொன்னான். மனதை விட்டுவிடாதீர்கள் என்று முதுகைத் தட்டினான். அதற்குள் இரண்டு பேர் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து காருக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம், அப்புறம் எது வைப்பது என்று நிதானமாகப் பேசலாம், வியாழக்கிழமைகள் இருக்கவே இருக்கின்றன என்றான் ஆர்லோ.

ரோலண்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது அவருக்கு: மடக்கு நாற்காலிகள், படுக்கை விரிப்பு, இரண்டு கட்சிகள், இன்னும் ஏழெட்டு வருடம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதுவும் இந்த முறை பொய்கூடச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லியும் ஆகிவிட்டது.

கார் ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

"ஜாக்கியை இறக்குங்க," என்றார். அது அறிவிப்புக் குரல் இல்லை, வீட்டில் உப்பு எடு என்று சொல்கிற குரல். அதனால்தானோ என்னவோ உடனே இறக்கினார்கள். கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "ஜனீன், நீ வா."

நான் ஏப்ரனை அவிழ்த்து வெண்டலின் மனைவியிடம் கொடுத்தேன். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன். கிளட்ச் கொஞ்சம் கனம், அப்பாவின் டிரக்கைவிட ஒன்றும் மோசம் இல்லை. கார் தொட்டிலைத் தள்ளிவிட்டது போலக் கிளம்பியது. பின்னாலிருந்து ஆர்லோவின் குரல் கேட்டது.

"பூட்ஸ்தான். தலைவர் போட்டிருக்கிற பூட்ஸுக்கு அடி தடிமன். பெடல் எங்க இருக்குன்னே தெரியாது. நான் அப்பவே நெனச்சேன்."

தெருமுனையில் திரும்பினேன். இரண்டு பக்கமும் அப்போதுதான் முளைத்த சோளம், விரல் உயரத்துக்கு, வரிசை வரிசையாக. காற்று அவருடைய மிச்ச முடியை எல்லாப் பக்கமும் கலைத்தது.

"நான் சொல்லிட்டேன்ல?" என்றார்.

"சொல்லிட்டீங்க. எல்லார் முன்னாடியும்."

"ஒருத்தனும் நம்பல."

"அது அவங்க பாடு, கெப்ளர் சார்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தாங்கவில்லை. கார் சாலையில் ஒரு முறை வளைந்து நேரானது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, இடது கையை மெதுவாக நீட்டி லிவரின் குமிழைத் தொட்டார். "மூணாவது, நான் போடட்டுமா?"

நான் கிளட்சை மிதித்தேன். அவர் போட்டார். சத்தமே இல்லை, தாழ்ப்பாள் விழுவது போல. விட்டேன். மறுபடி மிதித்தேன், நான்காவது. அந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த வேகத்தில் எது, எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது தள்ள வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐஸ்கிரீம் கடை வந்தது, போனது. நிறுத்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆற்றுப்பக்கம் போகும் மண்சாலை சேரும் இடத்தில், விதைக்கும் கருவியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் திரும்பியது. நான் நிறுத்தினேன். டிராக்டர்க்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னான். இன்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. ரோலண்ட் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தார், லிவரை முதல் கியருக்குத் தள்ளினார், கையை எடுக்காமல் குனிந்து, கிளட்சை மிதித்திருந்த என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.